கேமரா காட்டுற நேரத்தை நம்பலாமா? திருத்துறதுக்கு முன்னாடி வித்தியாசத்தைக் குறிச்சுக்கோங்க

(பேசின எபிசோடை வாசிக்க வசதியா கொஞ்சம் திருத்தி எழுதியிருக்கேன்.)

போன எபிசோடுல ரவுட்டர் பத்திப் பேசினோம். இன்னிக்கு அதோட ஒட்டின விஷயம்தான்: சிசிடிவி கேமரால நேரம் தப்பா ஓடுறது. "இதுக்கு ஒரு எபிசோடா"ன்னு நினைப்பீங்க. போன மாசம் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சேன்.

ஈரோட்டுல எங்க மாமாவுக்கு எலக்ட்ரிக்கல் கடை இருக்கு. ஸ்டாக் எடுத்தப்போ ரெண்டு பெட்டி காப்பர் வயர் காயில் குறையுது. கடையில வேலை செய்யற ஒருத்தர் ரெக்கார்டிங்கை ஓட்டிப் பார்த்து ஒரு கிளிப் எடுத்து மாமாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கார். குடோன் கேமரா. கடைப்பையன் ஒருத்தன் வயர் பெட்டி ரெண்டைத் தூக்கிட்டுப் போறான். மேல ஓரத்துல நேரம் 23:05. கடை சாத்துறது ஒன்பதரைக்கு. குடோன் சாவி ஒண்ணு அவன்கிட்டயும் இருக்கு.

மாமா எனக்கு போன் பண்ணினார். "மாப்ள, நைட்டு பதினொரு மணிக்கு குடோன்ல இவனுக்கு என்ன வேலை? ஸ்டேஷனுக்குப் போலாம்னு இருக்கேன். அந்த வீடியோவை மட்டும் நல்லா எடுத்துக் குடு." அந்தப் பையன் நாலு வருஷமா அங்க வேலை செய்யறான். கிளிப்பைப் பார்த்தா எனக்கும் சந்தேகம்தான் வந்துச்சு, பொய் சொல்ல விரும்பல.

சனிக்கிழமை நேர்ல போய் என்விஆர்ல உட்கார்ந்தேன். என்விஆர்னா எல்லா கேமராவோட வீடியோவையும் வாங்கி ஹார்ட் டிஸ்க்ல பதியற பெட்டி. அந்தத் தேதியைப் போட்டு 23:05-க்குப் போனேன். குடோன் காலி. ஆள் இல்ல, லைட் இல்ல. பின்னாடி தள்ளித் தள்ளி வந்தா, அதே காட்சி டைம்லைன்ல 20:35-ல இருக்கு. ஆனா படத்துக்கு மேல எழுதியிருக்கிறது 23:05.

இங்கதான் நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் இருக்கு. பெரும்பாலான செட்டப்ல ரெண்டு கடிகாரம் ஓடுது. படத்து மேல பதியற நேரம் கேமராவோடது; கேமராவே அதை வீடியோவுக்குள்ள எழுதித்தான் அனுப்புது. கீழ தேடறதுக்கு நாம நகர்த்துற டைம்லைன் என்விஆரோடது. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. கிளிப் எடுத்து அனுப்பினா டைம்லைன் கூட வராது. படத்து மேல இருக்கிற நேரம் மட்டும்தான் வரும்.

வித்தியாசம் ரெண்டரை மணி நேரம். நிமிஷம் பிசகாம ரெண்டரை. இந்த நம்பரைப் பார்த்ததும் எனக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சு, ஏன்னா நேரம் தப்பா இருந்தா எவ்வளவு தப்புங்கறதே நோயைச் சொல்லிடும்.

நம்ம இந்திய நேரம் யூடிசி கூட்டல் 5:30. சீனா கூட்டல் 8. ரெண்டுக்கும் நடுவுல 2:30. நிறைய கேமரா அங்கிருந்து வர்றதால டைம் ஸோன் ஜிஎம்டி+8-லயே இருக்கும். மாட்டினவர் மாத்தாம விட்டா நம்ம நேரத்தைவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடும். அஞ்சரை மணி நேரம் பின்னாடி இருந்தா, டைம் ஸோன் வெறும் ஜிஎம்டில நிக்குது. அஞ்சரை மணி நேரம் முன்னாடி இருந்தா, எங்கேயோ 5:30-ஐ ரெண்டு தடவை கூட்டியிருக்காங்க. சரியா ஒரு மணி நேரம்னா, டேலைட் சேவிங்கை யாரோ டிக் பண்ணியிருக்காங்க. நம்ம ஊருக்கு அது கிடையாது, எடுத்துடுங்க. மோசமானது அரை மணி நேர வித்தியாசம். பட்டியல்ல 5:30-க்கு மேலயும் கீழயும் +5, +6 இருக்கும், கை தவறி அதுல ஒண்ணு விழுந்துடும். ரெண்டரை மணி நேரம் தப்புன்னா யாராவது ஒரு நாள் கவனிப்பாங்க. அரை மணி நேரம் வருஷக்கணக்குல யார் கண்ணுக்கும் படாது.

இப்படி முழுசா இல்லாம 7 நிமிஷம், 11 நிமிஷம்னு ஒரு கணக்கில்லாம இருந்தா அது வேற கதை. கடிகாரத்துக்குள்ள இருக்கிற குவார்ட்ஸ் கிரிஸ்டல் ஒருபோதும் துல்லியமா ஓடாது. பத்து லட்சத்துல 20 பங்கு பிழைன்னு வச்சுக்கோங்க, அது சாதாரணம். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. கணக்குப் போட்டா தினம் 1.7 விநாடி, மாசத்துக்கு கிட்டத்தட்ட 52 விநாடி, வருஷத்துக்கு பத்தரை நிமிஷம். அப்படின்னா அந்த கேமராவை யாரும் நெட்ல இருந்து நேரம் எடுக்கச் சொல்லல, மாட்டின அன்னிக்கு கையால வச்சதோட சரி.

தேதி 1970 இல்லேன்னா 2000 ஜனவரி 1-னு காட்டினா, கரண்ட் போய் வந்தப்போ கடிகாரம் நினைவு இழந்துடுச்சு. நிறைய கேமராவுக்குள்ள பேட்டரியே இருக்காது. என்விஆர்ல பெரும்பாலும் சிஆர்2032 காயின் பேட்டரி ஒண்ணு இருக்கும், நம்ம கம்ப்யூட்டர் மதர்போர்டுல இருக்கிற அதே வட்டமான ஐட்டம். அது செத்துப்போச்சுன்னா ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் பெட்டி பழைய தேதிக்குப் போயிடும். பேட்டரி மாத்தினா போதும், பெட்டியை மாத்த வேண்டாம்.

மாமா கடைக்கு வருவோம். மத்த கேமரா எல்லாம் சரி, குடோன் கேமரா மட்டும் ஏன் தப்பு? மழை சீசன்ல பழசு போயிடுச்சு, எலக்ட்ரீஷியன் வேற கம்பெனி கேமரா ஒண்ணை ரவுட்டர் வழியா சேர்த்து விட்டிருக்கார். சொந்த கம்பெனி கேமராக்களுக்கு அந்த என்விஆரே நேரத்தை அனுப்பிச் சரிபண்ணிடுது. இதுக்கு அனுப்பல. கேமராவோட செட்டிங்ஸுக்குள்ள போய்ப் பார்த்தா என்டிபி ஆன்ல இருக்கு, கடைசியா ஒரு மணி நேரம் முன்னாடி சிங்க் ஆனதாவும் காட்டுது. அதாவது நெட்ல இருந்து துல்லியமா நேரம் வாங்கிட்டே தப்பா காட்டிட்டிருந்திருக்கு.

இது முரண் இல்ல. என்டிபி நமக்குத் தர்றது யூடிசி மட்டும்தான். டேவிட் மில்ஸ் உருவாக்கி, 1985-ல முதல் ஆர்எஃப்சி வந்த ப்ரோட்டோகால் இது. அந்தப் பாக்கெட்டுக்குள்ள டைம் ஸோன்னு ஒரு கட்டமே கிடையாது, 1900 ஜனவரி 1-ல இருந்து எத்தனை விநாடின்னு ஒரு எண்தான். அதை ஈரோட்டு நேரமா மாத்துறது கேமராவோட பொறுப்பு. அதனால "சிங்க் சக்ஸஸ்"னு வந்தா நேரம் சரின்னு அர்த்தம் இல்ல.

சிங்க்கே ஆகலேன்னா எங்க பார்க்கிறது? என் அனுபவத்துல முதல் குற்றவாளி டிஎன்எஸ். கேமராவுக்கு கையால ஐபி போடுறவங்க, ஐபியும் சப்நெட்டும் போட்டுட்டு கேட்வேயையும் டிஎன்எஸ்ஸையும் காலியா விட்டுடுவாங்க. வீடியோ அதே நெட்வொர்க்குள்ள ஓடுறதால எல்லாம் நல்லா இருக்கிற மாதிரி தெரியும். ஆனா சர்வர் பேரை ஐபியா மாத்த வழியில்ல, வெளிய போகவும் வழியில்ல. அடுத்து யூடிபி 123 போர்ட், ஆபீஸ் ஃபயர்வால்ல அடைச்சிருப்பாங்க. இன்னொண்ணு, என்விஆரோட முதுகுல இருக்கிற பிஓஇ போர்ட்ல சொருகின கேமராக்கள். அதெல்லாம் என்விஆர் தனக்குள்ள வச்சிருக்கிற குட்டி நெட்வொர்க்ல இருக்கும், இன்டர்நெட்டைப் பார்க்காது. அங்க கேமராவோட மல்லுக்கட்ட வேண்டாம். என்விஆருக்கு மட்டும் என்டிபி குடுத்துட்டு, அது கேமராக்களுக்கு நேரத்தை அனுப்பட்டும்.

சர்வருக்கு என்ன பேர் போடுறது? நம்ம நாட்டுல டெல்லியில இருக்கிற தேசிய இயற்பியல் ஆய்வகம் ஒண்ணு நடத்துது, என்ஐசியும் நடத்துது. 2022 ஏப்ரல் 28-ல செர்ட்-இன் போட்ட உத்தரவு, நிறுவனங்களோட கம்ப்யூட்டர் கடிகாரங்களை இந்த சர்வர்களோட ஒத்துப்போகும்படி வைக்கச் சொல்லுது. வீட்டுக்கு என்டிபி பூல் போதும்.

சரிபண்ணின அடுத்த நாளே திரும்பத் தப்பா போகுதா? அப்போ ரெண்டு முதலாளி இருக்காங்க. கேமரா என்டிபில இருந்து எடுக்குது, என்விஆர் தன் நேரத்தை மேல திணிக்குது, நடுவுல மொபைல் ஆப் வேற போனோட நேரத்தை வைக்கும். ஒருத்தரை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை ஆஃப் பண்ணுங்க.

சின்னதா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன், இதுல நான் ஒரு முழு மாலை வீணாக்கியிருக்கேன். ஆன்விஃப் மூலமா கேமராவைச் சேர்க்கும்போது பாஸ்வேர்டு சரியா இருந்தும் "தப்பு"ன்னு சொல்லும். அந்த லாகின்ல பாஸ்வேர்டோட நேரத்தையும் கலந்து ஹேஷ் பண்ணி அனுப்புறாங்க, பழைய மெசேஜை யாரும் திரும்ப அனுப்பி ஏமாத்தக் கூடாதுன்னு. கேமரா 1970-ல இருந்தா வந்த மெசேஜை ஏத்துக்காது. பாஸ்வேர்டை ரீசெட் பண்றதுக்கு முன்னாடி தேதியைப் பாருங்க. மாமா கேமராவுல யூடிசி சரியாத்தான் இருந்துச்சு, அதனால லாகின் ஒழுங்கா நடந்திருக்கு, யாருக்கும் சந்தேகம் வரல.

இப்போ முக்கியமான இடம். காரணம் தெரிஞ்சதும் டைம் ஸோனை மாத்தப் போன என் கையை நானே நிறுத்தினேன். மாத்திட்டா, அது தப்பா இருந்துச்சுங்கறதுக்கு என்ன அத்தாட்சி? முதல்ல லைவ் படத்தை ஓட விட்டு, பக்கத்துல போன் கடிகாரத்தை வச்சு இன்னொரு போன்ல போட்டோ எடுத்தேன். என்விஆர் நேரத்தையும் போனோட ஒப்பிட்டு எழுதிக்கிட்டேன், அது 4 விநாடி பின்னாடி.

ஆனா இன்னிக்கு இருக்கிற வித்தியாசம்தான் அன்னிக்கும் இருந்துச்சுன்னு எப்படிச் சொல்றது? அதுக்கு எல்லா கேமராவுலயும் தெரியற ஒரு சம்பவம் வேணும். நம்ம ஊர்ல அதுக்குப் பஞ்சமே இல்லை: கரண்ட் கட். அன்னிக்கு சாயங்காலம் ஒரு தடவை போயிருக்கு. கேமராவெல்லாம் யுபிஎஸ்ல ஓடினதால, லைட் அணைஞ்சு படம் கறுப்பு வெள்ளைக்கு மாறுறது எல்லாத்துலயும் பதிவாகியிருக்கு. கடை கேமராவுல 18:52. குடோன் கேமராவுல 21:22. அப்புறம் கவுன்ட்டர் கேமராவைப் பார்த்தோம்: 20:36-க்கு அதே பையன் அதே ரெண்டு பெட்டியோட குடோன் பக்கத்துல இருந்து வர்றான், கஸ்டமர் நிக்கிறார். 20:41-க்கு பில் போட்டிருக்கு, ரெண்டு பெட்டி வயர்.

அதுக்கப்புறம் மூணு கிளிப்பையும் என்விஆர்ல இருந்து நேரா பென்டிரைவ்ல, ஒரிஜினல் ஃபார்மேட்லயே எடுத்து வச்சேன். வாட்ஸ்அப்ல அனுப்பினா அமுக்கி வேற ஃபைலா ஆக்கிடும். நான் வக்கீல் இல்ல, ஆனா 2024 ஜூலை 1-ல இருந்து நடைமுறையில இருக்கிற பாரதிய சாக்ஷ்ய அதினியம், பிரிவு 63-ல, மின்னணு ஆவணத்தோட குடுக்கிற சான்றிதழ்ல ஃபைலோட ஹேஷ் மதிப்பையும் எழுதச் சொல்லுது. ஒரு பைட் மாறினாலும் ஹேஷ் மாறிடும்.

கடைசியாத்தான் நேரத்தை மாத்தினேன். என்விஆரோட கடிகாரத்தை மாத்துறவங்க இன்னொண்ணு யோசிக்கணும். பின்னாடி நகர்த்தினா அதே நேரம் ரெண்டு தடவை பதிவாகும், சில பெட்டில தேடும்போது ஒண்ணுதான் வரும். முன்னாடி நகர்த்தினா டைம்லைன்ல ஒரு ஓட்டை விழும், பின்னாடி பார்க்கிறவருக்கு யாரோ அழிச்ச மாதிரியே இருக்கும். அதனால எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எவ்வளவு மாத்தினோம்னு மாமாவோட பில் நோட்டுலயே எழுதி வச்சிருக்கேன்.

மாமா அந்தப் பையன்கிட்ட எதுவும் கேட்டிருக்கல, அது வரைக்கும் நல்லது. ஆனா கிளிப் கடை குரூப்ல சுத்தியிருக்கு, அவனும் பார்த்திருக்கான். திங்கக்கிழமை மாமா கவுன்ட்டர் வீடியோவையும் பில்லையும் அதே குரூப்ல போட்டார். காணாமப் போன ரெண்டு பெட்டி என்னாச்சுன்னு இன்னும் தெரியல, பர்ச்சேஸ் என்ட்ரியை ஒண்ணொண்ணா பார்த்துக்கிட்டு இருக்காங்க.

உங்க வீட்டு கேமரா எவ்வளவு தள்ளி ஓடுதுன்னு பார்த்துட்டு நம்பரை மட்டும் எனக்கு அனுப்புங்க. காரணத்தைக் கண்டுபிடிக்க முடியுதான்னு அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.