கதை தெரியும், படம் தெரியுமா?

படம் என்ன சொல்கிறது என்பதோடு நிற்காமல் எப்படிச் சொல்கிறது என்றும் கேட்கிறது உருவவியல். அந்தக் கேள்வியால் பழகிய கதையும் புதிதாகிறது.

வயதான பெற்றோர் பட்டணத்திலிருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. போரில் இறந்துபோன மகனின் மனைவி மட்டும் அன்பாக நடந்துகொள்கிறாள். ஊர் திரும்பிய கையோடு தாய் இறந்துபோகிறாள்.

இந்திய ரசிகர்களுக்கு இது பழகிய சங்கதி. 2003ல் வந்த இந்திப் படமான பாக்பானில் பிள்ளைகளால் பந்தாடப்பட்ட தந்தை அமிதாப் பச்சன், கடைசியில் மேடையேறி மனக்குமுறலைக் கொட்டுகிறார். ஆனால் மேலே சொன்ன கதை 1953ல் யாசுஜிரோ ஓசு எடுத்த ஜப்பானியப் படம் 'டோக்கியோ ஸ்டோரி'யுடையது. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை 2012ல் உலக இயக்குநர்களிடையே நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம் பெற்ற படம். கதையில் புதுமை இல்லையென்றால் பெருமை எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட உதவுவதுதான் உருவவியல். பழகிப்போனதால் கண்ணில் படாமல் போனவற்றை மறுபடி பார்க்கவைப்பதே கலையின் வேலை என்று 1917ல் எழுதினார் ரஷ்ய விமர்சகர் விக்டர் ஷ்க்லோவ்ஸ்கி. அவரும் நண்பர்களும் நிகழ்ச்சிகள் நடந்த வரிசையை ஃபாபுலா என்றும், அவை படைப்பில் அடுக்கப்பட்ட விதத்தை சூஷெட் என்றும் பிரித்தார்கள். முன்னதைக் கதை என்றும் பின்னதைக் கதைப்பின்னல் என்றும் தமிழில் சொல்லலாம். "படத்தோட கதை என்ன?" என்று கேட்கும்போது நாம் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். மூன்றாவதாக, பாணி: கேமரா, வெட்டு, ஒலி, நடிப்பு ஆகியவற்றைக் கையாளும் முறை. அமெரிக்க அறிஞர்கள் டேவிட் போர்ட்வெலும் கிறிஸ்டின் தாம்ப்சனும் இந்தக் கருவிகளைத் தீட்டி சினிமாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

இனி ஓசுவிடம் திரும்புவோம். ஓனோமிச்சியில் பெற்றோர் மூட்டை கட்டுகிறார்கள். அடுத்து வருவது டோக்கியோவின் புகைபோக்கிகள். ரயில் பயணம் காட்டப்படவே இல்லை. திரும்பும் வழியில் தாய்க்கு உடம்புக்கு முடியாமல் போவதும் அப்படித்தான். ஒசாகாவிலிருக்கும் இன்னொரு மகன் சக ஊழியரிடம் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. உச்சமாக, தாயின் மரணம். விடியும்வரை தாங்குவது கடினம் என்கிறார் மருத்துவரான மூத்த மகன். பிறகு விடியற்காலையின் ஆளரவமற்ற காட்சிகள் சில. அடுத்து, உடலைச் சுற்றிக் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. மற்றவர்கள் வயலினை அலறவிடும் இடத்தை ஓசு வெற்றிடமாக விட்டுவிடுகிறார். அதை நிரப்பும் பொறுப்பு பார்வையாளருடையது. துக்கம் நெஞ்சைத் தாக்குவது அதனால்தான்.

படத்தின் ஆரம்பத்தில் பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துப் பேசுகிறாள். உள்ளே கணவனும் மனைவியும். முடிவிலும் அதே ஜன்னல், அதே பெண். உள்ளே கணவர் மட்டும். ஒரு காட்சியைத் திரும்பக் கொண்டுவந்து, ஒரே ஒரு மாற்றம் செய்கிறார் ஓசு. வசனத்தைவிட அந்த வித்தியாசம் அதிகம் பேசுகிறது.

ஓசுவின் கேமரா தாழ்வாக இருக்கும், ஏறக்குறைய அசையாது. பாயில் அமரும் ஜப்பானியரின் பார்வை இது, ஜென் தத்துவம் என்று நெடுங்காலம் விளக்கம் சொல்லப்பட்டது. ஆனால் தெருவிலும் நாற்காலி போட்ட அலுவலகத்திலும்கூட கேமரா தாழ்வாகத்தானே இருக்கிறது? பேசும் இருவருக்கிடையே உள்ள கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டக்கூடாது என்ற விதியையும் ஓசு சகஜமாக மீறுகிறார். அவர் காலத்து மற்ற ஜப்பானிய இயக்குநர்கள் இப்படி எடுக்கவில்லை. ஆகவே இது தேசத்தின் ஆன்மா அல்ல, ஒரு கலைஞர் தேர்ந்தெடுத்துக்கொண்ட ஒழுங்கு என்று 1988ல் வெளியான தன் நூலில் வாதிட்டார் போர்ட்வெல். சத்யஜித் ராயின் படத்தைப் பார்த்ததும் 'இந்திய ஆன்மிகம்' என்று முடித்துவிடுகிறவர்களுக்கும் இந்தப் பதில் பொருந்தும்.

வறட்டுத்தனம், சமூகத்தைப் பார்க்காத கணக்குப்பிள்ளை வேலை என்ற குற்றச்சாட்டு உருவவியல் மீது உண்டு. சோவியத் ரஷ்யாவில் அதே குற்றச்சாட்டுக்குப் பணிந்து 1930ல் ஷ்க்லோவ்ஸ்கி தன் கொள்கையைத் தவறென்று எழுத நேர்ந்தது. விமர்சனத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. போரும், அது விட்டுச்சென்ற விதவையும், அவசர நகரமும் இல்லாமல் டோக்கியோ ஸ்டோரி இல்லை. ஆனால் அவை நம்மை வந்தடைவது ஓசு சேர்த்த, தவிர்த்த ஷாட்டுகள் வழியாகத்தான். நல்ல கருத்து இருந்தால் நல்ல படம் என்று சான்றிதழ் தருவதற்குப் படத்தைப் பார்க்கவே வேண்டாம். கதைச்சுருக்கம் போதும்.

2024ல் மறைந்த போர்ட்வெலின் எழுத்தைப் படிக்க எல்லோருக்கும் நேரமிருக்காது. பரவாயில்லை. அடுத்த முறை ஒரு காட்சி கண்ணைக் கலங்கவைத்தால், துடைத்துக்கொண்டு ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: இயக்குநர் எதைக் காட்டாமல் விட்டார்?