கர்ப்ப கால மார்பக மாற்றங்களும் ஏலமலைப் பெண் தொழிலாளரும்

முன்னுரை

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் பெண்கள் அதிகாலையில் ஜீப்புகளில் போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். கர்ப்ப காலத்தில் மார்பகம் அடையும் இயல்பான மாற்றங்களையும், இவ்வேலைமுறை பாலூட்டலுக்குத் தரும் இடையூற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மார்பகத்தின் இயல்பமைப்பு

மார்பகம் சுரப்பித் திசு, கொழுப்பு, இணைப்புத் திசு ஆகியவற்றால் ஆனது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 15 முதல் 20 மடல்கள் உள்ளன. மடல்களில் கொத்தாக அமைந்த நுண்ணறைகளில் சுரக்கும் பால், நாளங்களின் வழியே காம்பை அடைகிறது. மார்பகத்தின் பருமன் பெரும்பாலும் கொழுப்பின் அளவைச் சார்ந்தது. எனவே சிறிய மார்பகத்தில் பால் குறையும் என்னும் எண்ணம் பொருந்தாது. இரு மார்பகங்களும் சற்றே வேறுபடுவதும், சிலருக்குப் பருவ வயது முதலே காம்பு தட்டையாகவோ உள்வாங்கியோ இருப்பதும் இயல்பே.

கர்ப்ப கால மாற்றங்கள்

கருவுற்ற முதல் வாரங்களிலேயே ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இயக்குநீர்களின் மிகுதியால் மார்பகம் கனத்து, தொட்டால் வலிக்கும். தோலின் அடியில் நீல நரம்புகள் தெரியும். காம்பைச் சுற்றிய வட்டம் கருத்து அகலும். அதன்மேல் சிறு முண்டுகள் எழும். மான்ட்கோமரி சுரப்பிகள் எனப்படும் இவற்றின் எண்ணெய்ச் சுரப்பு காம்பைக் காப்பதால், சோப்பால் தேய்த்துக் கழுவுதல் தேவையற்றது. கர்ப்பத்தின் நடுப்பகுதியிலிருந்தே சீம்பால் உருவாகிறது. சிலருக்கு அது கசிவதும் உண்டு. நோய் எதிர்ப்புப் பொருள்கள் நிறைந்த இச்சீம்பாலைப் பீய்ச்சி எறிவது குழந்தைக்கு இழப்பாகும்.

புதிதாகத் தோன்றும் கட்டி, தோல் குழிதல், ஒரு காம்பு மட்டும் புதிதாக உள்வாங்குதல், இரத்தக் கசிவு ஆகியவற்றைக் கர்ப்பத்தின் இயல்பு எனக் கருதாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பால் சுரப்பும் வேலைநாளும்

பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் குறைந்து, இரண்டு முதல் நான்கு நாள்களில் பால் பெருகுகிறது. அதன்பின் மார்பகத்திலிருந்து எவ்வளவு பால் வெளியேறுகிறதோ அதற்கேற்பவே சுரப்பு தொடர்கிறது. தேங்கும் பால் சுரப்பைக் குறைப்பதோடு மார்பில் வலியையும் கட்டிக்கொள்ளலையும் உண்டாக்கும். குழந்தையை ஊரில் விட்டு நாள் முழுதும் மலையில் காய் பறிக்கும் தாய்க்குப் பால் வற்றுவது பெரும்பாலும் உடற்குறையால் அன்று. பிரிந்திருக்கும் நேரத்தின் விளைவே ஆகும். இடையிடையே தூய கைகளால் பாலைப் பீய்ச்சுவது சுரப்பைக் காக்க உதவும்.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 50 பெண்கள் பணிபுரியும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகத்தை வலியுறுத்தியது. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் குழந்தைக்கு 15 மாதம் நிறையும் வரை நாளுக்கு இரு பாலூட்டும் இடைவேளைகளை வகுத்தது. ஆயினும் ஏலத்தோட்டங்களுள் பெரும்பாலானவை சிறு உடைமைகள்; குழந்தையோ மலையடிவாரத்தில் உள்ளது. அருகில் குழந்தை இல்லாத தாய்க்கு இடைவேளை மட்டும் பயன் தராது.

முடிவுரை

கர்ப்ப காலத்தில் உடல் செய்யும் ஆயத்தம் முழுமையானது. அது பயன்பெறுவது, பிரசவத்திற்குப் பின் தாயும் சேயும் சேர்ந்திருக்கும் வாய்ப்பைப் பொறுத்தது. ஆகவே கர்ப்பகாலப் பரிசோதனையின்போதே இவ்விளக்கங்களை அளிப்பதும், பால் பீய்ச்ச மறைவிடமும் நேரமும் தோட்டத்தில் தருவதும் இன்றியமையாதவை.