ஆங்கிலம் படிக்க நீங்கள் பணம் கட்டிவிட்டீர்கள்!

சேலத்தை அடுத்த கஞ்சமலைப் பக்கம் இருக்கிறது இளம்பிள்ளை. சேலைக்குப் பேர் போன ஊர். தெருவில் நடந்தால் தறிச் சத்தம் கூடவே வரும்.

இந்த ஊரில் ஆங்கிலம் தெரியாதவர் யார்?

"எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது" என்று பலர் சொல்லக் கூடும். ஆனால், நாள் முழுவதும் அவர்கள் வாயில் வருவது என்ன? மோட்டார், ஸ்விட்ச், பாபின், டிசைன், கலர், ஆர்டர், பில், பார்சல்... எல்லாம் ஆங்கிலச் சொற்கள்தானே!

சொற்கள் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்து வாக்கியமாக்கத்தான் தெரியவில்லை. பாவு இருக்கிறது, ஊடை ஓடவில்லை!

அதனால் வரும் கஷ்டம் கொஞ்சமல்ல. வெளி மாநிலத்துக் கடைக்காரர் ஆங்கிலத்தில் அனுப்பும் ஆர்டரைப் படித்துச் சொல்ல இன்னொருவர் வேண்டும். பாங்கிப் பாரத்தைப் பூர்த்தி செய்ய யாரையாவது தேட வேண்டும். பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் இருந்து வரும் கடிதத்தை, அந்தப் பிள்ளையே அப்பாவுக்குப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தனியாகப் பயிற்சி வகுப்புக்குப் போகலாம். அதற்குப் பணம் வேண்டும். வாரக் கூலி வாங்குகிறவர் எங்கே போவார்?

கவலை வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நீங்கள் முன்பே கட்டிவிட்டீர்கள்!

ரூபாய்க்கு 10 காசு

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரியும் சேர்ந்திருக்கும். தமிழ்நாட்டில் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி வாங்குகிறார்கள். ஒரு வீட்டுக்குச் சொத்து வரி 1,000 ரூபாய் என்றால், நூலக வரி 100 ரூபாய்.

இதற்கு வழி வகுத்தது 1948-ம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவில் பொது நூல் நிலையங்களுக்காக வந்த முதல் சட்டம் அதுதான். அப்போது கல்வி மந்திரியாக இருந்தவர் அவினாசிலிங்கம் செட்டியார்.

சட்டம் வரப் பல ஆண்டுகள் பாடுபட்டவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். சீர்காழியில் 1892-ல் பிறந்தவர். கணக்குப் பாடம் நடத்திக் கொண்டிருந்த அவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார்.

நூல் நிலையம் எப்படி நடக்க வேண்டும் என்று அவர் ஐந்து விதிகள் வகுத்தார். 1931-ல் அவை புத்தகமாக வந்தன. அவற்றில் இரண்டாவது விதியின் கருத்து இதுதான்: வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கு ஏற்ற புத்தகம் கிடைக்க வேண்டும்.

பட்டம் பெற்றவருக்குப் பெரிய புத்தகம். எழுத்துக் கூட்டுகிறவருக்குப் படப் புத்தகம். இதில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை.

வெட்கம் எதற்கு?

நூல் நிலையத்தில் வாசற்படி தடுப்பதில்லை. தடுப்பது வெட்கம்தான்!

"நாற்பது வயதில் நான் குழந்தைப் புத்தகத்தை எடுத்தால் யாராவது சிரிக்க மாட்டார்களா?" என்ற பயம்.

சிரிப்புக்குப் பயப்படாத ஒரு பெண்ணின் கதையைக் கேளுங்கள். அவர் பெயர் மேரி ஆன்டின்.

ரஷ்யப் பேரரசில் இருந்த போலோட்ஸ்க் என்ற ஊரில் 1881-ல் பிறந்தவர். யூதக் குடும்பம். தாய்மொழி இத்திஷ். தகப்பனார் பிழைப்புத் தேடி முதலில் அமெரிக்கா போனார். 1894-ல் தாயும் பிள்ளைகளும் போய்ச் சேர்ந்தார்கள்.

அப்போது மேரிக்கு ஏறக்குறைய 13 வயது. ஆங்கிலம் தெரியாது. வீட்டில் வறுமை. அக்காள் தையல் வேலைக்குப் போனாள். தங்கையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே தன்னை விடச் சிறிய குழந்தைகளுடன் உட்கார்ந்து மேரி எழுத்துப் படித்தாள்.

பள்ளிக்கூடம் எழுத்தைக் கொடுத்தது. படிக்கப் புத்தகம்? அதைக் கொடுத்தது பொது நூல் நிலையம்!

பாஸ்டன் நகரத்தின் பெரிய நூல் நிலையக் கட்டிடம் 1895-ல் திறக்கப்பட்டது. அதன் வாசலுக்கு மேலே, 'அனைவருக்கும் இலவசம்' என்ற பொருளில் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். அந்த வாசலில் நுழைந்து, ஏழை வீட்டுப் பெண் மணிக்கணக்கில் படித்தாள்.

1912-ல் அதே மேரி ஆன்டின் தமது வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். அமெரிக்கா முழுவதும் அதை வாங்கிப் படித்தார்கள்!

ஒரே மேஜையில் இரண்டு பத்திரிகை

சரி, நம் ஊரில் எப்படித் தொடங்குவது?

முதலில், கிளை நூலகத்தின் பத்திரிகை மேஜைக்குப் போங்கள். தமிழ்ப் பத்திரிகையில் ஒரு செய்தியைப் படியுங்கள். மழைச் செய்தியோ, கிரிக்கெட் செய்தியோ, தங்கம் விலையோ எதுவானாலும் சரி. பிறகு அதே செய்தியை ஆங்கிலப் பத்திரிகையில் தேடுங்கள்.

விஷயம் முன்பே தெரியும். அதனால் பாதிச் சொற்கள் தாமாகவே புரியும். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வழிகாட்டும். ஒரு நாளைக்கு ஒரு செய்தி போதும்.

இரண்டாவது, ஒரே கதை இரண்டு மொழியிலும் உள்ள புத்தகங்கள். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிடும் சிறுவர் புத்தகங்கள் பல, தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்திருக்கின்றன. சென்னைத் துளிகா பதிப்பகம், ஒரே பக்கத்தில் இரண்டு மொழியும் அச்சிட்ட படக் கதைகளைப் போடுகிறது. உங்கள் நூல் நிலையத்தில் அவை இல்லையா? வரவழைக்கும்படி நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். கேட்பது வாசகர் உரிமை.

மூன்றாவது, அகராதி. சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் பெரிய ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் ஒன்றை வெளியிட்டது. பதிப்பாசிரியர் அ.சிதம்பரநாதன் செட்டியார். அவ்வளவு பெரியது தொடக்கத்துக்குத் தேவையில்லை. சின்ன அகராதி போதும். ஆனால் எல்லாச் சொல்லுக்கும் அகராதியைப் புரட்டாதீர்கள். மூன்று முறை எதிர்ப்படும் சொல்லை மட்டும் பாருங்கள். நோட்டில் எழுதுங்கள்.

ஒரு சூட்சுமத்தை நினைவில் வையுங்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும்: "நான் சேலை நெய்கிறேன்." ஆங்கிலத்தில் அது நடுவில் வரும்: "ஐ வீவ் சாரீஸ்." அதாவது, "நான் நெய்கிறேன் சேலை"! இந்த வரிசை பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

காதும் வாயும்

புத்தகம் தர முடியாத ஒன்றும் உண்டு. அது ஒலி.

தமிழில் எழுதியபடி பெரும்பாலும் வாசிக்கலாம். ஆங்கிலம் அப்படி அல்ல. கத்திக்கு 'நைஃப்' என்கிறார்கள். எழுதும்போது முதலில் 'கே' எழுத்து நிற்கிறது. வாசிக்கும்போது அதைக் காணோம்! இதைக் கேட்டுத்தான் பழக வேண்டும். வானொலியும் கைபேசியும் உதவும். ஆனால் பேசிப் பழக ஆள் வேண்டுமே?

இதற்கு கனடாவில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். இலங்கையில் இருந்து போன தமிழர்கள் ஏராளமாக வாழும் நகரம் டொராண்டோ. அங்குள்ள பொது நூல் நிலையத்தில் தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. ஆங்கிலம் பேசிப் பழகும் வட்டங்களும் உண்டு. பல நாட்டில் இருந்து வந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்கள். சமையலைப் பற்றிப் பேசலாம். குழந்தைகளைப் பற்றிப் பேசலாம். கட்டணம் கிடையாது. தப்பாகப் பேசினால் தலை போய்விடாது. ஏனென்றால், எல்லோரும் பழக வந்தவர்கள்!

தமிழ்நாட்டு நூலகங்களில் 'வாசகர் வட்டம்' என்ற அமைப்பு முன்பே இருக்கிறது. வாரத்தில் அரை மணி நேரத்தை ஆங்கிலப் பேச்சுக்கு ஒதுக்கினால் என்ன? கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் முன்னே உட்காரட்டும். தறி ஓட்டும் அண்ணனும், பாவு புணைக்கும் அக்காவும், கடைக் கணக்கு எழுதும் தம்பியும் எதிரே உட்காரட்டும். செலவு ஒன்றும் இல்லை. நாலு நாற்காலி போதும்.

தமிழ் போய்விடுமா?

"ஆங்கிலம் படித்தால் தமிழ் மறந்து போகாதா?" என்று கேட்பவர்களும் உண்டு.

தமிழ்நாட்டில் 1968-ல் இருந்து தமிழும் ஆங்கிலமும் என்ற இருமொழிக் கொள்கைதான் நடக்கிறது. ஒன்று வீட்டின் அடுப்பு, மற்றது வெளிக்கதவு. அடுப்பை அணைத்துவிட்டா கதவைத் திறக்கிறோம்?

பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இரண்டும் கிடைக்கிறது. எட்டாவதோடு நின்று தறிக்குப் போனவருக்குத்தான் இன்னொரு பள்ளிக்கூடம் தேவை. அதற்கு மணி அடிப்பதில்லை. வயது கேட்பதில்லை. பரீட்சையும் இல்லை.

நூல் இல்லாமல் தறி ஓடாது என்பது இளம்பிள்ளைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அலமாரியில் இருக்கும் நூலையும் கொஞ்சம் கையில் எடுங்கள். நீங்கள் பணம் கட்டி வாங்கிய நூல் அது!