எடுத்தாளும் உரிமையும் அதன் எல்லையும்

முன்னுரை

பாளையம்பட்டிச் சாலையோரத்தில் 'ஜெராக்ஸ்' என்னும் பலகையைத் தாங்கி நிற்கும் சிறு கடை நம் மாணவர் யாவரும் அறிந்ததே. வானம் பார்த்த பூமியாகிய அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மாணவர்க்கு அக்கடை ஒரு சிறு நூலகம் போன்றது. விலை கொடுத்து வாங்க இயலாத நூலின் ஓர் இயலைப் படியெடுத்துச் செல்வோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். நம் துறை மாணவி ஒருவர் திறனாய்வு நூலொன்றின் இருபது பக்கங்களைப் படியெடுக்கச் சென்றார். 'எப்பகுதியையும் படியெடுத்தல் கூடாது' என்ற முன்பக்க எச்சரிக்கையைக் கண்ட கடைக்காரர், "ஏம்மா, இத எடுத்துக் குடுத்தா எம்மேல கேசு வந்துருமா?" என்று தயங்கினார். எளியவர் ஒருவரின் உள்ளத்தில் எழுந்த அவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதிப்புரிமை எதற்கு?

எழுதியவனின் உழைப்பைப் பிறர் கவர்ந்து பொருளீட்டாமல் காப்பது பதிப்புரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பெற்று 1958 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. நூலாசிரியரின் வாழ்நாளும், அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் இவ்வுரிமை நீடிக்கும். அதன்பின் நூல் உலகப் பொதுச்சொத்து ஆகிவிடும். எனினும், கல்வி அவ்வளவு காலம் காத்திருக்க இயலுமோ? இதற்கெனச் சட்டமே திறந்து வைத்துள்ள வாயில்தான் 'நியாயமான பயன்பாடு' என்பது.

சட்டம் திறக்கும் வாயில்

அச்சட்டத்தின் 52ஆம் பிரிவு, உரிமை மீறல் ஆகாத செயல்களைத் தொகுத்துரைக்கின்றது. ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்தப் பயன்பாடு, திறனாய்வு, நடப்புச் செய்தியை அறிவித்தல் ஆகியவற்றிற்காக ஒரு படைப்பை நியாயமான முறையில் கையாளலாம். ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் போக்கில் படியெடுக்கலாம். வினாத்தாளில் ஒரு பகுதியைச் சேர்க்கலாம். கல்லூரி விழாவில் மாணவரும் ஆசிரியரும் ஒரு நாடகத்தை நடிக்கலாம். ஆனால் அவையோர், கல்லூரியினரும் பெற்றோரும் கல்லூரியோடு தொடர்புடையோருமாக மட்டுமே இருத்தல் வேண்டும். 2012ஆம் ஆண்டுத் திருத்தம், பார்வையற்றோர் முதலிய மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூல்களை மாற்றித் தரவும் வழி செய்தது. நூலின் முன்பக்கத்தில் அச்சிடப்பெறும் எச்சரிக்கை வரி, சட்டம் தந்துள்ள இவ்வுரிமைகளை அழித்துவிடாது என்பதை நாம் உளங்கொள்ளல் வேண்டும்.

தில்லியில் ஒரு படியெடுக்கும் கடை

பாளையம்பட்டிக் கடைக்காரரின் அச்சம் தில்லியில் வழக்காகவே வடிவெடுத்தது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கிய இராமேசுவரி படியெடுப்பு நிலையம், பாடத்திட்டத்திற்கேற்பப் பல நூல்களின் பகுதிகளைத் தொகுத்து மாணவர்க்கு வழங்கி வந்தது. ஆக்சுபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிசு ஆகிய பதிப்பகங்கள் 2012இல் அக்கடையின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. நோபல் பரிசு பெற்ற அறிஞர் அமர்த்தியா சென், தம் நூல்களை வெளியிட்ட பதிப்பகமும் வழக்காடுவோருள் ஒன்றாய் இருந்தும், இவ்வழக்கை ஏற்காது குரல் கொடுத்தார்.

2016 செப்டம்பர் 16 அன்று தில்லி உயர்நீதிமன்ற நீதிபதி இராசீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். நூலகத்தில் அமர்ந்து கையால் எழுதிக்கொள்வது குற்றமன்று எனில், அதையே பொறியின் துணையால் எளிதாகச் செய்வதும் குற்றமாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டை விசாரித்த ஆயம், கற்பித்தலுக்குத் தேவையான அளவு படியெடுக்கலாம் என்னும் கொள்கையை ஏற்றது. ஆனால் தொகுப்பில் சேர்ந்தவை யாவும் அத்தேவைக்கு உரியவைதாமா என்பதை மீண்டும் விசாரிக்குமாறு பணித்தது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. தில்லித் தீர்ப்பு நம் மாநில நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதன்று; எனினும் வழிகாட்டும் மதிப்புடையது.

எல்லை எது?

உரிமை உண்டெனில் எல்லையும் உண்டு. 'நீங்கள் என்னைக் கம்யூனிஸ்டாக்கி' என்னும் தோப்பில் பாசியின் மலையாள நாடகத்தைக் கண்டித்துச் சிவிக் சந்திரன் ஓர் எதிர்நாடகம் எழுதினார். அதில் மூலநாடகப் பகுதிகள் எடுத்தாளப்பட்டிருந்தன. 1996இல் அவ்வழக்கை ஆராய்ந்த கேரள உயர்நீதிமன்றம் மூன்று அளவுகோல்களைக் கொண்டது: எடுத்த பகுதியின் அளவும் மதிப்பும் எத்தகையன? எடுத்ததன் நோக்கம் யாது? புதிய படைப்பு மூலத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளுமா? எதிர்நாடகத்தின் நோக்கம் கண்டனமே என்பதால் தடை விதிக்கப்படவில்லை.

இவ்வளவுகோல்களை நம் கடையிலேயே வைத்துப் பார்க்கலாம். மாணவியின் படிப்பிற்கு இருபது பக்கங்கள் என்பது நியாயம். நூல் முழுவதையும் நூறு படிகள் எடுத்து, அட்டை கட்டி விற்பது கவர்தல். ஆய்வேட்டில் பிறர் கருத்தைப் பெயர் சுட்டி மேற்கோளாக்குவது புலமை. பெயரை மறைப்பது களவு. உரிமையை விற்றுவிட்ட ஆசிரியர்க்கும் தம் படைப்பில் தம் பெயரைக் கோரும் உரிமை உண்டென 57ஆம் பிரிவு கூறுகின்றது.

பெயர்ப்பலகையில் ஒரு பாடம்

கடைக்குள் நிகழ்வது பதிப்புரிமைச் செய்தி. கடை வாயிலில் தொங்குவதோ வணிகக் குறிச் செய்தி! 'ஜெராக்ஸ்' என்பது அமெரிக்க நிறுவனம் ஒன்றின் பெயர். படியெடுத்தலுக்கே பொதுப்பெயராக அதை வழங்க வேண்டா என அந்நிறுவனம் விளம்பரங்கள் வாயிலாக நெடுங்காலம் வேண்டி வந்துள்ளது. ஒரு பெயர் பொதுச்சொல்லாகிவிடின் உரியவர் அதனை இழக்க நேரிடும் என்பதே காரணம்.

வணிகக் குறிகளிலும் நியாயமான பயன்பாடு உண்டு. 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பொருளின் வகை, தரம், பிறந்த ஊர் முதலியவற்றை நேர்மையாகக் குறிக்கும் சொற்களைத் தடுப்பதில்லை. அருப்புக்கோட்டைத் தறியில் நெய்த சேலையை 'அருப்புக்கோட்டைச் சேலை' என நெசவாளர் உரைப்பது இயல்பே. பம்புசெட்டு பழுதுபார்ப்பவர், 'இன்ன நிறுவனத்துப் பொறிக்கு உதிரிப் பாகம் கிடைக்கும்' என எழுதலாம்; அந்நிறுவனத்தின் முகவரே தாம் என நம்பவைத்தல் கூடாது. உண்மையைச் சொல்லப் பெயரைப் பயன்படுத்தலாம்; மயக்கப் பயன்படுத்தலாகாது.

முடிவுரை

நியாயமான பயன்பாடு என்பது நூலாசிரியர் இரங்கி ஈயும் பிச்சையன்று. சட்டம் கற்போர்க்கு வகுத்தளித்த பங்கு. அப்பங்கிற்கு மேல் எடுப்பது, நாளை நம் மாணவரே எழுதப்போகும் நூலுக்கு நாம் இன்றே இழைக்கும் தீங்காகும். ஆதலின், அக்கடைக்காரர்க்கு நாம் கூறும் விடை இதுவே: அந்த இருபது பக்கங்களை அஞ்சாது எடுத்துத் தருக! மாணவிக்குக் கூறுவதும் ஒன்றுண்டு: முதற்பக்கத்தின் தலைப்பில் நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் மறவாது எழுதி வைத்துக்கொள்க!