பிளாட் இருக்கு… பாதை இருக்கா? பத்திரம் போடும் முன் இதையும் பாருங்க

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் மழையை நம்பிக் கிடந்த கரிசல் காடுகளில் இப்போது கல் ஊன்றி பிளாட் போட்டு விற்கிறார்கள். மதுரை-தூத்துக்குடி நான்கு வழிச்சாலை ஊரை ஒட்டிப் போவதால் ரோட்டோர நிலத்துக்கு கிராக்கி. சீட்டு எடுத்து, நகையை அடகு வைத்து 2 சென்ட் வாங்குகிறவர்கள் பட்டாவை பார்க்கிறார்கள், வில்லங்கம் பார்க்கிறார்கள். பாதையை மட்டும் பார்ப்பதில்லை.

ஒட்டாத ரோடு

ஒருவர் 3 ஏக்கரில் பிளாட் போட்டால், அவர் போடும் ரோடு அவர் எல்லைக் கல்லோடு நின்றுவிடும். பக்கத்து காட்டை வாங்கியவர் தன் இஷ்டத்துக்கு வேறு ரோடு போடுவார். இரண்டும் சேராது. நடுவில் கம்பி வேலி. பின்தெரு அக்காவை கூப்பிட்டால் கேட்கும். ஆனால் பைக்கில் போக மெயின் ரோட்டுக்கு வந்து ஒரு கிலோ மீட்டர் சுத்தணும்.

ஒரே வாசல் உள்ள நகரில் தண்ணி லாரி ரிவர்சில்தான் வரணும். மினி பஸ் உள்ளே வராது. அடைமழையில் கரிசல் மண் சக்கரத்தை பிடித்துக்கொண்டால், 108 ஆம்புலன்சுக்கு மாற்று வழி கிடையாது.

பழைய நெசவாளர் தெருக்கள் அப்படி இல்லை. பாவு விரிக்க நேரான, நீளமான தெரு வேண்டும். ஒரு தெருவில் நுழைந்தால் அடுத்த தெரு வழியாக வெளியே வரலாம்.

இது நம்ம ஊர் கதை மட்டும் இல்லை. 1975-க்குப் பிறகு உலகின் பல பகுதிகளில் முட்டுச்சந்துகளும் சுற்றுவழிகளும் பெருகிவிட்டதாக 2020-ல் வெளியான ஆய்வு சொன்னது. ஒருமுறை போட்ட தெருவை பின்னால் மாற்றுவது ரொம்ப கஷ்டம்.

சட்டம் என்ன சொல்லுது?

அங்கீகாரம் இல்லாத மனைகளை பதிவு செய்ய 2016 செப்டம்பர் 9-ந்தேதி சென்னை ஐகோர்ட்டு தடை போட்டது. 20.10.2016 வரை பதிவான மனைகளுக்காக 2017-ல் வரன்முறை திட்டம் வந்தது. ஆனால் வரன்முறை உத்தரவு வாங்கினாலும் முட்டுச்சந்து முட்டுச்சந்துதான்.

எதை பார்க்கணும்?

* டி.டி.சி.பி. அங்கீகரித்த வரைபடத்தில் ரோடு எங்கே முடிகிறது?
* ரோட்டை ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாச்சா?
* எப்.எம்.பி. வரைபடத்தில் வண்டிப்பாதை, ஓடை இருக்கா?
* வெளியே போக இரண்டாவது வழி உண்டா?

‘பக்கத்துல ரோடு வரும் அண்ணாச்சி’ என்று புரோக்கர் சொன்னால், ‘வரைபடத்துல காட்டுங்க’ என்று கேளுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு மழை நாளில் நடந்து போய் பார்ப்பது இன்னும் நல்லது.