மழையில் நாறும் திப்பி, கோடையில் குட்டிக்குத் தீனி!

ஐப்பசி மழையில் ஆத்தூர் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் புளிச்ச வாடை ஒன்று மூக்கைத் துளைக்கும். ‘சேகோ பேக்டரி வந்துருச்சு’ என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். நாம் பாயசத்தில் போடும் ஜவ்வரிசியின் மறுபக்கம் அது.

குச்சிக்கிழங்கைத் தோல் நீக்கி, அரைத்து, தண்ணீர்விட்டு அலசி, பாலை வடித்த பிறகு மிஞ்சும் சக்கைதான் திப்பி. வெயில் காலத்தில் களத்தில் காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு விற்றுவிடுகிறார்கள். மழை பிடித்துக்கொண்டால் காய வழியில்லை. நாறிப்போகும்.

என் பெரியம்மா வீட்டில் மேச்சேரி ஆடுகள் இருக்கின்றன. சேலத்துக்கே உரிய, கம்பளி இல்லாத செம்பழுப்பு ஆடுகள். கறிக்கும் தோலுக்கும் பேர் போனவை. பால் மறந்த மூன்று மாதக் குட்டிகள்தான் கோடையில் பாவம். மேய்ச்சல் காட்டில் கட்டாந்தரையை நக்கிவிட்டு வந்து நிற்கும். உடம்பு ஏறவே ஏறாது.

ஒரு வருஷம் அந்தக் கஷ்டத்தில், சும்மா கிடைக்கிறதே என்று பச்சைக் கிழங்குத் தோலை அள்ளிவந்து போட்டிருக்கிறார். “நல்லாத்தான் தின்னுச்சுங்க கண்ணு. கொஞ்ச நேரத்துல மூச்சு வாங்கி, நுரை தள்ளி, ரெண்டு குட்டி கண்ணு முன்னாலயே போயிருச்சு” என்று சொல்லும்போது இன்னமும் அவர் குரல் உடைகிறது. மரவள்ளியின் தோலிலும் தழையிலும் சயனைடாக மாறும் பொருள் உண்டு. உடனே கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டால் பிழைக்க வைக்கலாம். ஆனால், பல நேரம் அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அலசி எடுத்த திப்பியில் இந்த நஞ்சு குறைவு. காற்றுப் புகாமல் புளிக்க வைத்தால் இன்னும் குறையும். மருத்துவர் சொல்லித்தான் பெரியம்மா ‘ஊறுகாய்’ போட ஆரம்பித்தார். சைலேஜுக்கு அவர் வைத்த பெயர் அது!

ஈரத் திப்பி நாலு பங்கு என்றால், பொடியாக நறுக்கிய காய்ந்த கடலைக்கொடி ஒரு பங்கு. திப்பியில் எண்பது சதவிகிதத்துக்குக் குறையாமல் தண்ணீர்தான். கொடி அதை உறிஞ்சிக்கொள்ளும், கொஞ்சம் புரதமும் தரும். கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் உருண்டை உடையக் கூடாது, விரலிடுக்கில் தண்ணீரும் சொட்டக் கூடாது. அதுதான் பதம். 100 கிலோவுக்கு 2 கிலோ மொலாசஸ் தெளிக்க வேண்டும். திப்பியில் மாவு உண்டே தவிர சர்க்கரை குறைவு. புளிக்க வைக்கும் நல்ல பாக்டீரியாவுக்கு முதலில் வேண்டியது சர்க்கரைதான்.

பிறகு, 200 லிட்டர் நீல டிரம்மில் அடுக்கடுக்காகப் போட்டு மிதிக்க வேண்டும். உள்ளே காற்று தங்கினால் பூஞ்சைதான் வளரும். மூடி இறுக்கி ஒரு மாதம் தொடவே கூடாது. ஏன் பெரிய குழி தோண்டவில்லை என்று கேட்டேன். “திறந்தா தினமும் ஒரு சாண் எடுத்தாகணும். இருக்கற குட்டிக்கு டிரம்தான் தோது” என்றார். சரியான கணக்கு!

திறக்கும்போது தோசை மாவுபோலப் புளிச்ச வாசம் வர வேண்டும். அழுகல் நாற்றமோ கறுப்பு, பச்சைப் பூஞ்சையோ தெரிந்தால் குப்பைக்குத்தான். ஆசைப்படக் கூடாது.

முதல் நாள் குட்டிக்கு ஒரு கைப்பிடி மட்டும். இரண்டு வாரத்தில் மெள்ள மெள்ள அரை கிலோ வரை. மாவுச்சத்தைத் திடீரென்று அதிகம் கொடுத்தால் வயிறு அமிலமாகிப் படுத்துவிடும். துள்ளுமாரி நோயும் அப்படித்தான், கொழுகொழு குட்டியாகப் பார்த்து அடிக்கும். அதற்கான தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

இதை மட்டும் போட்டால் குட்டி வளர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திப்பியில் புரதம் மிகமிகக் குறைவு. வளரும் குட்டியின் தீனியில் 14 முதல் 16 சதவிகிதம் புரதம் வேண்டும். பெரியம்மா கடலைப் புண்ணாக்கும், வேலியோரத்து அகத்தித் தழையும், தாது உப்பும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். அகத்தியைக் கட்டித் தொங்கவிட்டால் குட்டிகள் முன்னங்காலைத் தூக்கி எம்பி எம்பித் தின்னும் அழகே தனி!

நான் கிளம்பும்போது டிரம்மை மூடிக்கொண்டிருந்தார். மூடியின் மேல் அம்மிக்கல். “பேக்டரில தோலும் தர்றேங்கறாங்க. இந்த வீட்டுப் படி ஏறாதுன்னு சொல்லிட்டேன் சாமி” என்றார், கையைக் கழுவிக்கொண்டே.