உங்களுக்குத் தெரியுமா? ஜன்னல் இருந்தால் மட்டும் போதாது!

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 5 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 94 மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவு 2016இல் வெளியானது. சிலருக்கு ஜன்னலே இல்லாத வகுப்பறை, சிலருக்குக் கட்டடம் மட்டும் தெரியும் ஜன்னல், மற்றவர்களுக்கு மரம், செடி தெரியும் ஜன்னல். மெய்ப்புத் திருத்தம், பேச்சு, மனக்கணக்கு என்று அரை மணி நேரம் பிழிந்தெடுத்துவிட்டு 10 நிமிடம் ஓய்வு கொடுத்தார்கள்.

வேலை நடக்கும்போது பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. ஓய்வுக்குப் பிறகுதான் சங்கதி! பச்சையைப் பார்த்தவர்களுக்குக் கவனம் கூடியிருந்தது, படபடப்பும் சீக்கிரம் அடங்கியது. கட்டடத்தைப் பார்த்தவர்களுக்கோ ஜன்னல் இருந்தும் இல்லாத கதைதான்.

மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் 150 மாணவர்களை வைத்து 2015இல் வெளிவந்த ஆய்வில், பூச்செடி நிறைந்த மொட்டைமாடியின் படத்தை வெறும் 40 நொடி பார்த்தவர்கள், பிறகு நடந்த கவனச் சோதனையில் கான்கிரீட் மாடியைப் பார்த்தவர்களைவிடக் குறைவாகவே தவறு செய்தார்கள்.

தொட்டிச்செடி அறைக் காற்றைச் சுத்தமாக்கும் என்ற விளம்பரத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய, சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடியாவது வேண்டும். அப்புறம் பெஞ்சை எங்கே போடுவது?